கயிற்றுக்கு நாலு இங்கிலீசு

அப்பா எனக்கு நீந்தப் பழக்கினார். நான் அப்பாவுக்கு இங்கிலீசு படிப்பித்தேன். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அதற்கு மேல் நானும் படிக்கவில்லை. அதனால் எங்கள் வீட்டு இங்கிலீசு என்றைக்கும் அந்த அளவோடுதான் நின்றது.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஆட்களை ஏற்றி ஓடிய மோட்டார் லோஞ்சில் அப்பாவுக்குக் கயிற்று வேலை. லோஞ் துறையை அணையும்போது கயிற்றை எறிந்து கட்டுவார், புறப்படும்போது அவிழ்த்து விடுவார். அவர் எறிந்த கயிறு குறி தவறி நான் கண்டதில்லை. ஒருநாள் யாழ்ப்பாணத்தில் இருந்து மாமா, அம்மாவின் அண்ணன், வந்து ஒரு செய்தி சொன்னார்.

"மச்சான், வெளிநாட்டுக் கப்பலுக்கு ஆள் எடுக்கினம். உமக்குத் தெரிஞ்ச கயிற்று வேலைதான். ஆனால் கொஞ்சம் இங்கிலீசு தெரிய வேணுமாம். கயிற்றைக் காட்டி ரெண்டு கேள்வி கேப்பினம், அவ்வளவுதான்."

"அதுக்கு நான் எங்கை போறது? எனக்குக் கயிறு எறியேக்கை வாயிலை வாற ஓ எண்ட சத்தம் மட்டும்தான் தெரியும்" என்றார் அப்பா.

அம்மா என்னைக் காட்டினார். "இவன் படிக்கிறான்தானே. இவனிட்டைக் கேளுங்கோ."

கூரைக்கு ஓடு போடுவது, அக்காவின் கலியாணம், எல்லாம் அந்த ஒரு கப்பலில் ஏறிக்கொண்டன. இன்ரவியூவுக்கு எட்டு நாள் இருந்தது.

எங்கள் இங்கிலீசு ரீச்சர் கரும்பலகையின் நடுவில் ஒரு பொருளின் பெயரை எழுதுவார். அதைச் சுற்றி, அந்தப் பெயரோடு சேர்ந்து வருகிற சொற்களை எழுதுவார். "தனிச் சொல்லைப் பாடமாக்கினால் அது தனியத்தான் நிக்கும். சோடியாய்ப் படியுங்கோ" என்பார். கதவு என்றால் ஓப்பின் த டோர், குளோஸ் த டோர், லொக் த டோர். நானும் கொப்பியின் நடுவில் 'றோப்' என்று எழுதி, புத்தகத்தில் தேடினேன். மூன்று கிடைத்தன. புல் த றோப் என்றால் கயிற்றை இழு. ரை த றோப் என்றால் கட்டு. கட் த றோப் என்றால் வெட்டு.

அப்பாவுக்குக் கொப்பியைப் பார்த்துப் படிக்க ஏலாது. கையில் கயிறு இருந்தால்தான் சொல் ஏறும். கடைசி லோஞ்சை விட்டு வந்ததும் கிணற்றடிக்குப் போய், வாளியை இழுக்க இழுக்க "புல் த றோப், புல் த றோப்" என்பார். பிறகு ஆட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று "ரை த றோப்" என்று ஆட்டுக்கும் சொல்லிக்கொடுப்பார்.

"இஞ்சாருங்கோ, இங்கிலீசிலை கட்டினது காணும்" என்பார் அம்மா. "ஒருக்காத் தமிழிலையும் கட்டுங்கோ. அது கத்தரியைத் தின்னுது."

நாலாம் நாள் அப்பா கேட்டார்: "அவிழ்த்து விடுறதுக்கு என்ன? கட்டத் தெரிஞ்சவன் எல்லாம் வேலைக்காரன் இல்லை. நேரத்துக்கு விடத் தெரிய வேணும். அதைத்தான் முதல்லை கேப்பாங்கள்."

எனக்குத் தெரியவில்லை. புத்தகத்திலும் இல்லை.

"நாளைக்கு ரீச்சரிட்டைக் கேட்டுக்கொண்டு வா" என்றார்.

பெரியவர்களிடம் ஒன்றைக் கேட்க எனக்கு வாய் வராது. அடுத்த நாள் இடைவேளை முழுக்க ரீச்சரின் மேசைக்கு முன்னால் நின்றேன். அவர் நிமிர்ந்து "என்ன அப்பன்?" என்று கேட்டார். நான் "ஒண்டும் இல்லை" என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன். அதற்கடுத்த நாளும் அப்படித்தான்.

வருகிற வழியெல்லாம் யோசித்தேன். கதவுக்கும் ஓப்பின், பெட்டிக்கும் ஓப்பின், கடைக்கும் ஓப்பின். இத்தனைக்கும் சரிவருகிற சொல் கயிற்றுக்கு மட்டும் வராமல் போகுமா? வீட்டுக்கு வந்து "ஓப்பின் த றோப்" என்றேன்.

அப்பா முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டார். "ரீச்சர் சொன்னவவோ?"

"ஓம்" என்றேன்.

"அப்ப சரி. வெள்ளைக்காரன் கதவையும் கயிற்றையும் ஒரே மாதிரித்தான் திறப்பான் போல" என்று சிரித்துவிட்டு, அதையும் கிணற்றடிக்குக் கொண்டுபோனார்.

இன்ரவியூ நாளில் வெள்ளைச் சேட்டுப் போட்டு, விபூதி பூசி, முதல் பஸ்ஸில் மாமாவிடம் போனார். அன்றைக்கு நான் ரீச்சரின் மேசைப் பக்கமே போகவில்லை. மாமாவும் அவரும் பின்னேரம் திரும்பி வந்தார்கள்.

"ஆள் நிறைஞ்சு போச்சாம்" என்றார் அப்பா, செருப்பைக் கழற்றிக்கொண்டே.

அம்மா குசினிக்குள் போனார். மாமா என்னைப் பார்த்து "இவன் என்னடாவெண்டால்..." என்று தொடங்கினார்.

"மச்சான், நீர் தேத்தண்ணியைக் குடியும்" என்றார் அப்பா. மாமா குடித்தார்.

பிறகு நான் அப்பாவின் பக்கத்தில் போய் நின்றேன். "கயிறு கேட்டவையோ, அப்பா?"

"கேட்டவை. எல்லாம் சொன்னனான்."

"நாலும் சொன்னனீங்களோ?"

"நாலும் சொன்னனான். பொடியன்தான் படிப்பிச்சவன் எண்டும் சொன்னனான்."

எனக்கு மூச்சு வந்தது. அடுத்த நாள் பின்னேரம் அப்பா வழமை போல என்னைக் கூப்பிட்டு, "கயிறு முடிஞ்சுது. இனி வாளியைத் தொடங்குவம்" என்றார். கப்பல் இல்லாத மனிதருக்கு எதற்கு இங்கிலீசு என்று அம்மா கேட்டதற்கு, "பொடியனுக்குப் பழக்கம் விடக் கூடாது" என்றார். வாளி, விளக்கு, குடை என்று படிப்புப் போனது. இடையிடையே நான் பழைய பாடமும் கேட்பேன். ஓப்பின் த றோப் என்று அப்பா தடக்காமல் சொல்லுவார். அவர் சொல்லச் சொல்ல, அது உண்மையான இங்கிலீசுதான் என்று நானும் நம்பிவிட்டேன்.

அப்பா காலமான பிறகு, அன்றைக்கு இன்ரவியூக் கந்தோரில் நடந்ததை மாமா என்னிடம் சொன்னார். "நான் வாசலிலை நிண்டு கேட்டனான். கப்பல் வெளிக்கிடப் போகுது, கயிற்றை என்ன செய்வாய் எண்டு கேட்டாங்கள். இவர் சொன்னதும் மேசையிலை இருந்த மூண்டு பேரும் சிரிச்சவங்கள். ஒருத்தன் சரியான சொல்லைச் சொல்லிக் குடுத்தவன், உன்ரை கொப்பர் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பாடமாக்கினார். அதாலை எடுக்காமல் விட்டாங்களோ, வயசாலை விட்டாங்களோ, எனக்குத் தெரியாது. பஸ்ஸுக்குள்ளை என்னட்டைச் சத்தியம் வாங்கினவர், உன்னட்டைச் சொல்லக் கூடாதெண்டு."

ஆனால் அப்பாவின் வாயில் அந்தச் சரியான சொல்லை நான் முன்பே ஒருதரம் கேட்டிருக்கிறேன். இன்ரவியூ முடிந்து சில மாதம் இருக்கும். பள்ளி விட்டு அப்பாவோடு லோஞ்சில் போனேன். சுற்றிப் பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஆசைக்கு, துறைக் கட்டையைச் சுற்றி வந்த கயிற்றின் நுனியை வாங்கிப் பிடித்துக்கொண்டார். லோஞ் புறப்பட்ட பிறகும் மனிதர் விடவில்லை. கயிறு இறுகி அவரைத் துறைப் பக்கம் இழுத்தது.

"லெட் கோ, சேர்! லெட் கோ த றோப்!" என்று கத்தினார் அப்பா.

வெள்ளைக்காரர் உடனே கையை விட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். அப்பா சிரித்துக்கொண்டே திரும்பினார். மூட்டைகளுக்கு நடுவில் இருந்த என்னைக் கண்டதும் அவர் சிரிப்பு நின்றது. கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். சுருட்டி முடியும்வரை என் பக்கம் பார்க்கவில்லை.

அப்பா பிழையாகச் சொல்லிவிட்டார் என்று அப்போது நினைத்தேன். இத்தனை நாள் படிப்பித்தும், அந்த நேரத்துக்கு ஓப்பின் வாயில் வரவில்லையே என்று கவலையாக இருந்தது. வீட்டுக்குப் போனதும் திருத்த வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, பாவம், மனிதர் வெட்கப்படுவார் என்று, நான் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.