சத்தம் தனி, படம் தனி

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் கத்தரிக்கோல். இத்தனைக்கும் ஒரு படத்தில் ஒரு அங்குலம்கூட அவள் வெட்டியதில்லை. எந்தப் படத்தைக் குடும்பத்தோடு பார்க்கலாம், எதைக் கூடாது என்று பார்த்து எழுதுகிற வேலை, அவ்வளவுதான். பிள்ளை குட்டிக்காரர்கள் ஆயிரக்கணக்கில் அவள் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் டிவியைப் போடுவார்கள்.

பதினொரு வருஷமாக அவளுக்கென்று ஒரு முறை உண்டு. முதல் தடவை சத்தத்தை அடைத்துவிட்டுப் படம் மட்டும். முத்தம், ரத்தம், குடி, படுக்கை எல்லாம் அதில் வந்துவிடும். இரண்டாம் தடவை டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சத்தம் மட்டும். கெட்ட வார்த்தைக்கு ஒரு கோடு. சேர்த்துப் பார்த்தால் கதைக்குள் விழுந்துவிடுவோம், எண்ணிக்கை தப்பிவிடும் என்பாள். அடிப்பாவி, பதினொரு வருஷத்தில் ஒரு படத்தையாவது முழுசாகப் பார்த்திருப்பாளா? கிடையாது.

புருஷன் போய் எட்டு மாதம். அதன் பிறகு வேலை இன்னும் சுலபமாகிவிட்டது. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தாள், கடித்தாலும் தெரியாது. போன வாரம் பதினாறு வயசு மகள் வந்து, "நான் அத்தை வீட்டுலயே இருந்துக்கறேன். ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்னாங்க" என்றபோதும், "சரி" என்றுதான் சொன்னாள். ஏன் என்று கேட்கவில்லை. வீட்டில் மிச்சமிருப்பது அந்த ஒருத்திதான், அவளும் போய்விட்டால் சுவரோடுதான் பேச வேண்டும். அது அம்மாவுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் உள்ளே ஒன்றும் அசையவில்லை.

சனிக்கிழமை மதியம், பெட்டி கட்டிக்கொண்டிருந்த மகள் தண்ணீர் குடிக்க வந்தாள். சாப்பாட்டு மேஜையில் அம்மாவின் குறிப்பு கிடந்தது. பெரியவர்களைப் பற்றிய படம், பாதி சிரிப்பு, பாதி சோகம்.

"அறுபத்திரண்டாம் நிமிடம். படுக்கையறை. கணவனுக்குச் சட்டை இல்லை. மனைவி அவன்மேல் கிடக்கிறாள். சிறுமி உடனிருக்கிறாள். கெட்ட வார்த்தை மூன்று. குடும்பத்தோடு பார்க்க ஏற்றதல்ல."

"என்னம்மா கண்றாவி இது? நேத்துதான் ஃப்ரெண்ட் வீட்டுல இந்தப் படத்தைப் பார்த்தேன். அவ அப்பா அம்மாவும் கூடத்தான் இருந்தாங்க."

"எழுதினதுல என்ன தப்பு? படுக்கையறைதானே?"

"ஐயோ! ஒரே ஒரு தடவை சத்தத்தோட பார்த்துத் தொலையேன்."

மகளே ரிமோட்டைப் பிடுங்கி அந்த இடத்தை ஓடவிட்டாள். அந்த ஆளுக்குக் கால் வராது. மனைவி அவன் அக்குளில் கைகொடுத்துத் தூக்குகிறாள், சட்டை மாட்ட. இரண்டு பேரும் தொப்பென்று கட்டிலில் விழுகிறார்கள். தன் காலைப் பார்த்து மூன்று வசவு விடுகிறான் அவன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அவனும் சிரிக்கிறான். சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சிறுமியும் சிரிக்கிறாள்.

மகள் படத்தை நிறுத்தினாள்.

"அப்பாவோட கடைசி நாள், 'நீ பார்க்க வேணாம், போ'ன்னு கதவைச் சாத்திட்ட. வெளிய எனக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. அப்பா அசிங்கமா திட்டினாரு. நீ சிரிச்ச. சாகப்போற மனுஷனைப் பார்த்துச் சிரிக்கறாளேன்னு..." அம்மா பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு அவரு யாரைம்மா திட்டினாரு?"

கத்தரிக்கோல் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அழுகை வந்தால் தேவலை போலிருந்தது. வரவில்லை.

"காலைத்தான்டி. பாத்ரூம் போகணும்னாரு. தூக்கினேன், ரெண்டு பேருமா விழுந்தோம். காலைத் திட்டினாரு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவரும் சிரிச்சாரு. திட்டினதுலயே மூச்சு வாங்கிடுச்சா, சிரிப்புக்குச் சத்தம் வரலை."

மகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கதவைத் திறந்து வச்சிருக்கணும். என் தப்புதான்" என்றாள் அம்மா.

செல்போன் அடித்தது. அத்தைதான். நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டாள். அம்மா போனை மகளிடம் நீட்டினாள்.

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நாளைக்கு வேணாம் அத்தை. நாங்க இன்னும் பாதிப் படம்தான் பார்த்திருக்கோம்."