பதினேழாம் குடைக்கும் பதினெட்டாம் குடைக்கும் நடுவே

கொரியாவின் சோல்மி கடற்கரையில் குடை வாடகைக்கு விடும் ஆள் ஒருவன், பக்கவாதம் வந்த ஒரு கிழவியைப் பாயோடு இழுத்துத் தள்ளிவிட்டான் என்று போன ஆகஸ்டில் ஒரு பேச்சு கிளம்பியது. பக்கத்து நகரமான கங்னுங்கின் பேருந்து நிலையத்துக்கு அது வந்து சேர்ந்தபோது கிழவியின் கை முறிந்திருந்தது. முடிதிருத்தும் கடைக்குள் நுழைந்தபோது கிழவி மூன்றாம் நாளே இறந்துபோயிருந்தாள். மீன் சந்தையில் அவள் சியோலில் இருக்கும் ஒரு நீதிபதியின் தாயாராகிவிட்டாள். ஆதாரம் கேட்டால் எல்லாரும் கைபேசியை நீட்டினார்கள். பதினோரு விநாடி ஓடும் காட்சி.

விசாரித்ததில் கை முறியவில்லை. ஆள் உயிரோடு இருக்கிறாள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது மக்காச்சோளம் அவித்துக்கொண்டிருந்தாள். அந்தக் குடும்பத்தில் நீதிபதி யாரும் இல்லை. நீதிமன்றப் படியேறியவர்கள் இரண்டு பேர் உண்டு, இரண்டும் வலைத் தகராறு. கிழவி என்பதும் மிகை, ஐம்பத்தொன்பது வயதுதான். பாயை இழுத்தது மட்டும் உண்மை. இழுத்தவன் அவள் புருஷன்.

இதைச் சொன்னதும் பேச்சைப் பரப்பியவர்களுக்கு முகம் தொங்கிப்போனது. "ஓ, புருஷனா?" என்று பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த ஆளைப் பார்த்தார். புருஷன் என்றதும் குற்றம் பாதியாகிவிடும் போலிருக்கிறது.

அவன் பெயர் மா தோக்சு. அறுபத்தொரு வயது ஆளை 'அவன்' என்று எழுதுவது மரியாதையில்லைதான். ஆனால் சோல்மியில் எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள், காரணம் அவன் இளைஞர் மன்றத்தின் கடைக்குட்டி. மன்றம் தொடங்கியபோது வயது வரம்பு நாற்பத்தைந்து. உறுப்பினர்களுக்கு நாற்பத்தாறு ஆகத் தொடங்கியதும் வரம்பை ஐம்பத்தைந்து ஆக்கினார்கள், பிறகு அறுபத்தைந்து. கடைசியில் 'உள்ளத்தால் இளையோர்' என்று எழுதி அந்தத் தொல்லையை ஒரேயடியாக முடித்தார்கள். தலைவர் கூ பியோங்தேவுக்கு எழுபத்திரண்டு. பச்சைமீன் உணவகம் வைத்திருக்கிறார், மதியத் தூக்கம் போடாவிட்டால் கோபம் வரும். கடற்கரையில் குடை வாடகைக்கு விடும் உரிமம் இந்த மன்றத்துடையது. மன்றத்தில் யார் இளையவனோ அவன் குடை சுமக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். மேலே ஒருவர் செத்தால் பதவி நகரும். கீழே யாரும் வந்து சேராததால் குடை நகரவில்லை. பத்தொன்பது வருடமாக தோக்சுதான் சுமக்கிறான்.

முன்பு கணவாய் மீன் பிடிக்கும் படகில் போனவன். கணவாய் குளிர்ந்த தண்ணீரைத் தேடி எங்கோ போய்விட்டது. அரசாங்கம் படகை உடைக்கப் பணம் கொடுத்தது, படகை உடைத்தான். பிறகு மிச்சமிருந்தது கோடையில் நாற்பது நாள், இருநூறு குடை, நானூறு நாற்காலி. விடியும் முன்பே போய் இரும்புக் கம்பியால் மணலில் குழி போட்டு, குடைகளை நான்கு வரிசையாக நட வேண்டும். சியோல்காரர்கள் கண்விழித்து வருவதற்குள் கடல் தெரியும் மணல் எல்லாம் வாடகை மணலாகிவிட வேண்டும். சொந்தக் குடை கொண்டுவருபவர்களுக்கும் இடம் விட வேண்டும் என்று வட்டார அலுவலகம் சொல்லியிருந்தது. விட்டார்கள். கழிவுநீர் ஓடை கடலில் கலக்கும் மூலையில் 'பொது இடம்' என்று ஒரு பலகை. அதைப் படிக்க மூக்கைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

அவன் மனைவி யோம் சுன்போக் பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருடம் வேலை பார்த்தவள். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் வலப்பக்கம் விழுந்துவிட்டது. கால் கொஞ்சம் திரும்பி வந்தது. பேச்சு பாதி வந்து வாசலிலேயே நின்றுவிட்டது. படபடப்பு வந்தால் அந்தப் பாதியும் உள்ளே போய்விடும். பயிற்சி கொடுத்த பெண், தினமும் மணலில் நடந்தால் கால் பிடி கொடுக்கும் என்றாள். ஏப்ரலிலிருந்து ஜூன் முடிய, மாலை நான்கு மணிக்கு அவள் ரோட்டிலிருந்து நேரே தண்ணீரைப் பார்த்து நடப்பாள். நாற்பத்தொரு காலடி. அங்கே வெள்ளிநிறப் பாயை விரித்து உட்கார்ந்து, காலை அலையில் நீட்டுவாள். வீட்டில் எதன் மீதும் எரிச்சல்படுகிறவள், அந்த ஒரு மணி நேரம் யார் மீதும் எரிச்சல்பட மாட்டாள். தோக்சு பக்கத்தில் குந்தி சோளம் உரித்துக் கொடுப்பான். இருவரும் பேசிக்கொள்வதில்லை. பேச ஒன்றுமில்லாத நல்ல நேரம் அது.

ஜூலை பத்தாம் தேதி கோடைப் பருவத்துக்குக் கடற்கரை திறந்தது. அவள் நடக்கும் கோட்டில் நான்கு வரிசைக் குடைகள். ஓடை மூலைக்கு அவள் காலால் போக முடியாது. உறுப்பினரின் மனைவிதானே, ஒரு ஓரம் உட்காரட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் மன்றத்தில் ஒரு விதி இருந்தது. இரண்டு வருடம் முன்பு ஆளாளுக்கு மைத்துனன், சம்பந்தி, சித்தப்பா மகள் என்று முன்வரிசையை இலவசமாக நிரப்பி, அடிதடி வரை போனது. அதனால் உறுப்பினரின் குடும்பத்தார் யாரும் பருவத்தில் முன்வரிசையில் உட்காரக் கூடாது, மீறினால் நீக்கம் என்று தீர்மானம் போட்டார்கள். தட்டச்சு தெரிந்த ஒரே உறுப்பினன் தோக்சு. 'யாரும்' என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டதும் அவன்தான், அழகாக இருக்கும் என்று. மன்றத்தை விட்டு நீக்கினால் கோடைக் கூலி போகும். சுன்போக்கின் சிகிச்சை ஓடுவது அந்தக் கூலியில்.

அதனால் தோக்சு ஒரு பொய் சொன்னான். முன்வரிசையில் பதினேழாம் குடைக்கும் பதினெட்டாம் குடைக்கும் நடுவே ஒரு பாய் அகலத்துக்கு இடம் விட்டான். தலைவர் கேட்டதற்கு, அடியில் பாறை இருக்கிறது அண்ணே, கம்பி இறங்கவில்லை என்றான். தலைவர் எழுபது வருடமாக அந்த மணலில் நடந்தவர். இருந்தாலும் குனிந்து பார்க்கிற வயது இல்லை. நம்பிவிட்டார். இடத்தைக் கேட்டு வந்த வாடிக்கையாளர்களிடமும் அதே பாறையைச் சொன்னான். நாள் போகப் போகப் பாறை வளர்ந்தது. நான்காம் வாரம் அதில் ஒரு படகே மோதியிருந்தது. மாலை நான்கு மணிக்கு, மற்ற உறுப்பினர்கள் மதியத் தூக்கத்தில் இருக்கும்போது, சுன்போக் இரண்டு பக்கமும் நாற்காலிக் கால்களைத் தாண்டி வந்து, அந்த இடைவெளியில் பாயை விரிப்பாள். தோக்சு பக்கத்தில் போய் உட்கார மாட்டான். தூரத்தில் நின்று பார்ப்பான். அதுவே போதுமாக இருந்தது.

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை. மணல் தெரியவில்லை, தலைதான் தெரிந்தது. சியோலிலிருந்து ஐந்து மணி நேரம் நெரிசலில் கார் ஓட்டி வந்த ஒரு தகப்பன், தோளில் சொந்தக் குடை, பின்னால் மனைவி, மூன்று பிள்ளைகள். ஓடை மூலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் மூக்கைப் பிடித்தபடி திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். இடைவெளி அவன் கண்ணில் பட்டது. தோக்சு பாறையைச் சொன்னான். அந்த ஆள் பதில் சொல்லாமல் குடைக் கம்பைத் தூக்கி ஒரு குத்துக் குத்தினான். கெட்டித் தயிரில் கரண்டி இறங்குவது போல் முழங்கை ஆழத்துக்கு இறங்கியது.

"எங்கய்யா பாறை?" என்றான் அந்த ஆள். "கடலுக்கு ஒங்க தாத்தா பட்டா எழுதி வெச்சாரா?"

சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். வாடகை கொடுத்து உட்கார்ந்திருந்தவர்கள்தான் அதிகம் தட்டினார்கள். சத்தத்தில் தூக்கம் கலைந்த தலைவர் கூ வந்தார். இறங்கி நின்ற கம்பைப் பார்த்தார், தோக்சுவைப் பார்த்தார். வாடகைப் பகுதியில் சொந்தக் குடைக்கு அனுமதியில்லை, உடனே பிடுங்குங்கள் என்றார். பிறகு தோக்சுவின் பக்கம் திரும்பி, இங்கே இந்த நிமிடமே ஒரு குடை நடு என்றார்.

மணி நான்கு. அந்த நேரத்தில்தான் சுன்போக் கோலை ஊன்றி வந்து, நடக்கிற எதையும் கவனிக்காமல், பிடுங்கிய குழியின் மேலேயே பாயை விரித்து உட்கார்ந்தாள்.

சியோல்காரன் சிரித்தான். "அப்படியா சங்கதி? எங்களுக்குப் பாறை, இந்தம்மாவுக்குப் பாயா? இவங்க யாரு, ஒங்கள்ல யார் வீட்டு ஆளு? இப்பவே சொல்லுங்க."

அவன் மனைவி கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தாள். இன்னும் நான்கைந்து உறுப்பினர்கள் வந்துவிட்டார்கள். போன வருடம் சொந்தத் தங்கையை எழுப்பி அனுப்பிய துணைத்தலைவரும் அதில் ஒருவர். அவர்களுக்கு சுன்போக் யார் என்று தெரியும். எல்லாரும் தோக்சு என்ன சொல்லப்போகிறான் என்று பார்த்தார்கள். சுன்போக்கும் பார்த்தாள்.

"தெரியலைங்க" என்றான் தோக்சு. "யாரோ என்னவோ."

சொன்னதை மெய்யாக்க வேண்டுமே. குனிந்தான். "எந்திரிங்கம்மா. இது வாடகை இடம். எந்திரிங்க" என்று பாயின் ஓரத்தைப் பிடித்து இழுத்தான். மெதுவாகத்தான் இழுத்தான், அவன் கணக்குப்படி. வலப்பக்கம் பிடியில்லாத உடம்புக்கு அந்தக் கணக்குத் தெரியவில்லை. அவள் பக்கவாட்டில் சரிந்து, ஒரு கன்னம் மணலில் பதிந்தது. ஓடிவந்து தூக்கி உட்காரவைத்தது சண்டை போட்ட அந்த ஆள்தான். காட்சி அதற்குமுன் முடிந்துவிடுகிறது.

சுன்போக் கோலை ஊன்றி எழுந்தாள். நாற்பத்தொரு அடியைத் திரும்ப நடந்தாள். தோக்சு அந்த இடத்தில் குடை நட்டான். ஐந்து நிமிடத்தில் அதற்கு ஆள் வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமைக்குள் வட்டார அலுவலகத்துக்கு நானூறு புகார். சுற்றுலா வந்த நோயாளிப் பெண்மணியைத் தாக்கியது மெய்யானால் மன்றத்தின் உரிமம் ரத்து என்று கடிதம் வந்தது. அன்று மாலையே தலைவர் கூ, துணைத்தலைவர், பொருளாளர் மூவரும் அரிசிக் கள்ளும் ஒரு தர்ப்பூசணியும் எடுத்துக்கொண்டு தோக்சுவின் வீட்டுக்கு வந்தார்கள்.

"பொண்டாட்டின்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல, மடையா" என்றார் தலைவர். "சொல்லிருந்தா வீட்டு விஷயம்னு போயிருக்கும்."

"சொல்லிருந்தா நீக்கிருப்பீங்கண்ணே."

"ஆமா, நீக்கிருப்போம். அது வேற." தலைவர் கள்ளை ஊற்றினார். "இப்ப சொல்லு. விதியை ஒரு வருஷம் நிறுத்தி வெச்சிருக்கோம்."

பொருளாளர் சொன்னதை உள்ளே தர்ப்பூசணி வெட்டிக்கொண்டிருந்தவள் கேட்டிருப்பாள்: வியாழக்கிழமை அதிகாரி வரும்போது அக்கா வாயால் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், இவன் என் புருஷன் என்று. அதோடு முடிந்தது.

வியாழக்கிழமை வந்த அதிகாரி பாங் ஹெரின் இருபத்தேழு வயதுப் பெண். ஷூவைக் கழற்றி வைத்து, தரையில் உட்கார்ந்து, படிவத்தை மடியில் விரித்தாள். தோக்சு எதிரே மண்டியிட்டிருந்தான். வெளியே முற்றத்தில் மூன்று உள்ளத்தால் இளையவர்கள் வரிசையாக நின்றார்கள். அதிகாரி கைபேசியில் காட்சியை ஓட்டிக் காட்டி, பாயை இழுப்பவர் யார், உங்களுக்குத் தெரியுமா என்று மரியாதையாகக் கேட்டாள்.

சுன்போக் காட்சியை இரண்டு முறை பார்த்தாள். உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

"குடைக்காரர்" என்றாள்.

"உங்க கணவர்தானேம்மா இவரு? இங்க உக்காந்திருக்காரே?"

இந்தத் தடவை இன்னும் அதிக நேரம் எடுத்தது. தோக்சு அவள் வாயையே பார்த்தான். அந்த வாயிலிருந்து வார்த்தை வரட்டும் என்று இரண்டு வருடம் காத்திருந்தவன், இப்போது வராமலே போகட்டும் என்று நினைத்தான்.

"போரம் அப்பாவைத்... தெரியும்" என்றாள் சுன்போக். போரம் அவர்கள் மகள், வொன்ஜு நகரில் ஒரு மருந்துக் கடையில் இருக்கிறாள். "இவரை... தெரியாது."

அதிகாரி பேனாவை எடுத்தாள். படிவத்தில் 'தெரியும்' என்று ஒரு கட்டம், 'தெரியாது' என்று ஒரு கட்டம். இரண்டிலும் இதை எழுத இடமில்லை. மூளை நோயால் பாதிக்கப்பட்டவர், வாக்குமூலம் ஏற்கத்தக்கதல்ல என்று ஓரத்தில் எழுதி, இருவரும் கணவன் மனைவி என்று காட்டும் குடும்பப் பதிவேட்டின் நகலை ஒட்டி, கோப்பை மூடினாள். அந்த விசாரணையில் பொய் கலக்காமல் சொல்லப்பட்டது சுன்போக்கின் பதில் ஒன்றுதான். அது கணக்கில் சேரவில்லை. உரிமம் பிழைத்தது. முற்றத்தில் மூன்று பேரும் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். ஓடை மூலையில் 'பொது இடம்' பலகைக்குப் புது வர்ணம் அடிக்க வேண்டும் என்று அலுவலகம் கண்டிப்பாக உத்தரவிட்டது. தோக்சுதான் அடித்தான்.

அதன் பிறகு சுன்போக் கடற்கரைக்கு வரவில்லை. சமைத்தாள், சோளம் அவித்தாள், அவன் தட்டில் போட்டாள். வீட்டில் அவளுடைய எரிச்சலும் காணாமல் போனது. தோக்சுவுக்கு அதுதான் தாங்கவில்லை. ஏதாவது சொல்லித் திட்டு என்று ஒரு நாள் கெஞ்சினான். அவள் தலையை ஆட்டினாள், வாடிக்கையாளர் மறுப்பது போல.

ஆகஸ்ட் இருபதாம் தேதி பருவம் முடிந்தது. இருபத்தோராம் தேதி ஜெல்லி மீன்களைத் தவிரக் கரையில் யாருமில்லை. தோக்சு மன்றத்துக் கிடங்கிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்துப் போய், நேர்கோட்டில், தண்ணீர் தொடுகிற இடத்தில் வைத்தான். வீட்டுக்கு வந்து, "போரம் அம்மா, மணி நாலாச்சு. எடம் பூரா காலியா கெடக்கு" என்றான். அவள் கோலை எடுத்தாள். ரோடு வரை வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள். பிறகு மீன் கடைகளின் பின்பக்கமாகத் தார் ரோட்டில் திரும்பி நடந்தாள். அங்கே கடல் தெரியாது. இப்போதும் தினமும் அந்த வழியாகத்தான் நடக்கிறாள். தாரில் கால் பிடி கொடுக்கவில்லை. வசந்தத்தில் தேறிய அளவும் போய்விட்டது என்று பயிற்சிப் பெண் சொல்கிறாள்.

அன்று நாற்காலி இருட்டும் வரை அங்கேயே இருந்தது. கிடங்கில் திருப்பி வைத்த கையோடு பொருளாளரிடமிருந்து செய்தி வந்தது: நாற்காலி ஒன்று, ஒரு நாள், பத்தாயிரம் வோன், மா தோக்சு தர வேண்டியது. யாருமே உட்காரவில்லையே அண்ணே என்று தோக்சு பதில் போட்டான். நாற்காலியை வைத்ததற்குத்தான் வாடகை, உட்கார்ந்ததற்கு அல்ல என்று பொருளாளர் விளக்கினார். அவன் தருவதாக இல்லை. அவர் விடுவதாகவும் இல்லை. மாதம் ஒன்றாம் தேதி நினைவூட்டல் வருகிறது, கீழே தலைகுனிந்து கும்பிடும் ஒரு கரடிப் படத்தோடு.