இரண்டாவது குப்பி

என் எட்டு மாத மகள் அழுவதை நிறுத்தியதுதான் என்னைப் பயமுறுத்தியது. காய்ச்சல் மட்டும் விடவில்லை. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார் ஆரணி டாக்டர். எந்தக் கிருமி என்று தெரிய ரத்தத்தைக் குப்பியில் வேலூருக்கு அனுப்ப வேண்டும். அது வளர்ந்து பதில் வர நாலைந்து நாளாகும். அதுவரை குத்துமதிப்பாக ஓர் ஊசி.

அத்தனை நாள் தாங்குவாளா என்று நான் கேட்கவில்லை. பதில் சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

வேலூர் ஆய்வுக்கூடத்தில் ஒருவர் இதையே சீக்கிரம் கண்டுபிடிக்க ஒரு வழியை முயன்றுகொண்டிருக்கிறாராம். அதற்கு இன்னொரு குப்பி ரத்தம் வேண்டும். "உங்க குழந்தைக்கே உதவும்னு உறுதியா சொல்ல முடியாதும்மா. உதவலாம்," என்றார் டாக்டர்.

கணவர் என்னைப் பார்த்தார். நாத்தனார் முந்திக்கொண்டார். "புள்ள வெளுத்துக் கெடக்குது, இன்னும் குத்திகினே இருப்பாங்களா? அவங்க ஆராய்ச்சிக்கு நம்ம வூட்டுப் புள்ளதான் கெடச்சுதா? படிச்சவ, நீயே சொல்லு."

எடுங்கள் என்றேன். ஊசி நரம்பு கிடைக்காமல் தேடியபோது, வேண்டாம் என்ற சொல் வாய் வரை வந்தது.

சொட்டு மருந்தெல்லாம் ஐஸில்தானே வருகிறது என்று நாத்தனார் ஐஸ் போட்ட பிளாஸ்க் கொண்டுவந்தார். ஐஸ் கூடாது, உடம்புச் சூட்டிலேயே போகட்டும் என்றார் டாக்டர். தறிக்குச் சரிகை எடுத்துப் போகும்போது செய்வதைப் போல, கணவர் இரண்டு குப்பிகளையும் துணியில் சுற்றி, வேட்டி மடிப்பில் வயிற்றோடு கட்டிக்கொண்டு வேலூர் பஸ் ஏறினார். கூட்டத்தில் யாராவது இடித்து உடைந்துவிட்டால் என்ற நினைப்பு அன்றைக்கு என்னை விடவில்லை.

மறுநாள் சாயங்காலம் டாக்டருக்கு டிரங்க் கால் வந்தது. இரண்டாவது குப்பியில் கிருமி தெரிந்துவிட்டது. இப்போது போடும் ஊசிக்கு அது அடங்காது, வேறொன்றுக்கு அடங்கும் போலிருக்கிறது. முதல் குப்பி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

புது மருந்து சில குழந்தைகளுக்குக் காதைக் கெடுக்கும் என்பதையும் டாக்டர் மறைக்கவில்லை. முதல் குப்பிக்காகக் காத்திருக்கலாமா என்று கேட்டேன். "காத்திருக்க இவளால ஆவாதும்மா," என்றார். தலையாட்டினேன்.

முதல் குப்பியும் அதே கிருமியைச் சொன்னபோது அவள் பால் குடிக்க ஆரம்பித்திருந்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் அவள் முதுகுப் பக்கம் போய் மெதுவாகக் கை தட்டினேன். திரும்பினாள். தற்செயலாகத் திரும்பியிருப்பாளோ என்று மறுபடியும் தட்டினேன்.