மாடு விற்று வாங்கின துப்பாக்கி

நைனா இருந்தார். பெரியப்பா இருந்தார், தோளில் துண்டோடு. அக்கா இருந்தாள். ஒன்பது வயசில் நான் இருந்தேன். சொந்தத் துப்பாக்கியை விற்கிற ஆபீசர் இருந்தார். அவர் வீட்டம்மா சமையற்கட்டு வாசலில் நின்றிருந்தார். திருப்பதியில் ரயில்வே லைன் பக்கத்துத் தெருவில் ஒரு வீடு. மேசைமேல் பெட்ஷீட் விரித்து இரண்டு துப்பாக்கி வைத்திருந்தது.

துப்பாக்கி என்றால் ஆளைச் சுடுகிறது இல்லை. காற்றை அடைத்து ஈயக் குண்டைத் தள்ளுகிற ஏர் பிஸ்டல். பத்து மீட்டர் தள்ளி அட்டையில் வட்டம் போட்டிருக்கும், அதில் சுட வேண்டும். அக்கா சித்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். அங்கே டிரில் சார் தன் பிஸ்டலைக் கொடுத்துப் பழக்கினார். ஜில்லாவில் அக்கா மூணாவதாக வந்தாள். மூணு பேர்தான் ஐதராபாத் போட்டிக்குப் போகலாம். அந்த நேரம் பார்த்து டிரில் சாருக்கு மாற்றல் வந்தது. பிஸ்டலும் அவரோடு போய்விட்டது. மறுமாசம் போட்டி. சொந்தமாக ஒன்று இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் இல்லை.

எங்கள் ஊர் விஜயபுரம் பக்கம். அந்த வருசம் டிராக்டர் வந்து எல்லார் நிலத்தையும் மணிக்கணக்கில் உழுதுவிட்டுப் போனது. எங்கள் ஜோடி மாடு கொட்டகையில் சும்மா துன்னுக்கினு நின்றது. நைனா விற்றார். விற்றுக் கொடுத்தது பெரியப்பா. அவர் மாட்டுத் தரகர். அந்தப் பணம் அக்கா துப்பாக்கிக்கு என்று தெரிந்ததும் பெரியப்பா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூணாம் நாள் காலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பஸ் நிற்கிற இடத்தில் வந்து நின்றார். மாட்டை விற்ற காசில் வாங்குகிறதை மாடு பார்க்கிற மாதிரி பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்றார். தப்பாக வாங்கினால் விற்க இன்னொரு ஜோடி கிடையாது. அது நைனாவுக்கும் தெரியும்.

முதல் துப்பாக்கி கருப்பாகப் பளபளவென்று இருந்தது. நைனாவுக்கு அதன்மேல் கண். பெரியப்பா அதைத் தொடக்கூட இல்லை. சந்தைக்குப் பிடித்து வரும்போது கொம்புக்கு எண்ணெய் தடவுவார்கள், அதெல்லாம் நான் பார்க்காததா என்றார். ஆபீசருக்குத் தமிழ் பாதிதான் புரியும். கொம்பு எங்கே என்று துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தார்.

ஆபீசர் எதையும் மறைக்கவில்லை. பக்கத்தில் இருக்கிற கம்பியை இழுத்து மூடினால் காற்று உள்ளே அடைபடும். அடைத்துவிட்டு ஐந்து நிமிசம் சும்மா வை, பிறகு சுடு என்று அவரே அக்காவிடம் சொன்னார். கொல்லையில் பத்து மீட்டர் அளந்து தகரப் பெட்டியில் அட்டை மாட்டியிருந்தது. அக்கா சுட்டாள். புஸ்ஸென்று போய்க் குண்டு பாதி வழியில் விழுந்தது. உள்ளே வாஷர் போயிருந்தது. பெரியப்பா நைனாவைப் பார்த்தார். வாயால் திட்டியிருந்தாலே தேவலை.

இரண்டாவது பழசு. பெயிண்ட் உரிந்திருந்தது. ஆனால் காற்று நின்றது. விசையில் அரைக்கிலோ படிக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டுக் காட்டினார் ஆபீசர். போட்டியில் அந்தக் கனத்தைத் தாங்குகிறதா என்று பார்ப்பார்களாம். தாங்கியது. படிக்கல்லைப் பார்த்ததும் பெரியப்பாவுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. உடனே விலைக்குப் போனார். எங்கள் பக்கம் மாட்டு விலையை வாயால் பேசுகிறதில்லை. கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. பெரியப்பா ஆபீசர் கையைப் பிடித்துத் துண்டைப் போட்டு இரண்டு விரலை அழுத்தினார். நாடி பார்க்கிறார் என்று ஆபீசர் நினைத்துவிட்டார். சுகர் மட்டும்தான், பிபி இல்லை என்றார். வீட்டம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

விலை கிடக்கட்டும், முதலில் பாப்பா சுட்டுப் பார்க்கட்டும் என்று ஆபீசர் கையை உருவிக்கொண்டார்.

அக்கா பத்து குண்டு சுட்டாள். அட்டையில் அம்மை போட்ட மாதிரி அங்கங்கே ஓட்டை. கூட்டினால் நூற்றுக்கு அறுபத்தெட்டு. ஜில்லாவில் எண்பது சுட்டவள். இன்னொரு பத்து சுட்டாள். இன்னும் மோசம். கைப்பிடி மரத்தை ஆபீசர் தன் கைக்கு ஏற்றபடி செதுக்கி வைத்திருந்தார், அதனால்தான் என்றார் நைனா. பழகினால் சரியாகிவிடும் என்றும் அவரே சொன்னார். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஐதராபாத் போச்சு என்று எனக்கே தெரிந்தது.

பெரியப்பா மட்டும் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், இது இடமா வலமா?”

நுகத்தில் இடப்பக்கம் பழகின மாட்டை வலப்பக்கம் பூட்டினால் உழவு போகாது. மாடு வாங்குகிறவன் முதலில் கேட்கிறது அதைத்தான். நைனா அதை ஆபீசருக்குத் தெலுங்கில் சொன்னார். ஆபீசர், வலம்தான், எல்லாமே வலக்கைக்குச் செய்கிறதுதான் என்றார்.

பெரியப்பா அக்கா பக்கம் திரும்பினார்.

“பாப்பா, நீ மாங்கா அடிக்கிறது எந்தக் கையில?”

அக்கா நைனாவைப் பார்த்தாள். சின்னதில் அவள் இடக்கையால் எழுதினபோது நைனா அடித்து வலக்கைக்கு மாற்றினார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது என்று வீட்டில் வைத்துக்கொண்டோம். முடியவில்லை என்று எனக்குத் தெரியும். மாங்காய் பொறுக்குகிறவள் நான்.

“இடக்கை,” என்றேன்.

நைனா என்னைப் பார்த்தார். நான் பெரியப்பாவின் வேட்டிக்குப் பின்னால் போய்விட்டேன்.

“இடத்து மாட்ட வலத்துல பூட்டிக்கினு, நடக்கல நடக்கலன்னா எப்பிட்றா நடக்கும்?” என்றார் பெரியப்பா.

நைனா பெரியப்பா கையிலிருந்து துப்பாக்கியை வாங்கி அக்காவுக்கு இடப்பக்கமாக நீட்டினார். பிறகு அக்காவிடம் சொன்னார்.

“எந்தக் கையில வருதோ அந்தக் கையிலயே புடி. வுடு.”

அக்கா இடக்கையில் பிடித்துப் பார்த்தாள். வலக்கைக்குச் செதுக்கின மரம். மேடு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம், பள்ளத்தில் மேடு. பிடிக்கவே முடியவில்லை.

அப்போது வீட்டம்மா உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு பெட்டியோடு வந்தார். அது விற்கிறதுக்கு இல்லையே என்று ஆபீசர் தெலுங்கில் மெதுவாகச் சொன்னார். அந்தம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெட்டிக்குள் மூணாவது துப்பாக்கி. அவர்கள் மகளுடையது. மகள் கம்ப்யூட்டர் படித்து அமெரிக்கா போய் நாலு வருசம். அதுவரைக்கும் தினம் இந்தக் கொல்லையில் சுட்டுப் பழகினவள். அவளும் இடக்கை.

பழகின செருப்பில் கால் போகிற மாதிரி அக்கா கை அந்த மரத்துக்குள் போனது.

பத்து குண்டு. முதல் இரண்டு எங்கோ போனது. மீதி எட்டும் கருப்பு வட்டத்துக்குள். கடைசி மூணும் ஒரே ஓட்டை. ஆபீசர் அட்டையை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். நைனா சிரித்தார். மாட்டை விற்ற பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பெரியப்பா துப்பாக்கியின் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு ஆபீசரிடம் போனார். குறுக்கே வீட்டம்மா தன் கையை நீட்டினார். பெரியப்பா ஆயுசில் துண்டுக்குள் பெண் கை வந்ததில்லை. அவருக்கு வேர்த்துவிட்டது. அந்தம்மாவே துண்டை வாங்கி மேலே போட்டுக்கொண்டு, சந்தை பார்த்து வளர்ந்தவர் மாதிரி அவர் விரலைப் பிடித்தார். பெரியப்பா முகம் மாறியது.

“இன்னாம்மா இது, ரொம்ப கம்மியாச்சே.”

வாங்க வந்த இடத்தில் விலை பத்தாது என்று சண்டை போட்ட தரகர் அவர் ஒருத்தர்தான். அந்தம்மா விரலை விடவில்லை. பெரியப்பா தோற்றுப்போனார். நைனா காதில் மட்டும் விலையைச் சொன்னார். எண்ணிக் கொடுத்த பிறகும் நைனா மடி கனமாகத்தான் இருந்தது.

மத்தியான பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று கிளம்பினோம். அந்தம்மா விடவில்லை. சோறு போட்டார். துன்னு முடித்ததும் அக்காவை மறுபடி கொல்லையில் நிற்கச் சொன்னார். ஒரு டப்பா குண்டைக் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு அவர் சமையற்கட்டுக்குப் பாத்திரம் துலக்கப் போனார். அங்கிருந்தபடியே, “இங்கொகட்டி கொட்டம்மா,” என்பார். இன்னொன்று சுடு என்று. அக்கா சுடுவாள். டப்பென்று கேட்கும். உள்ளே தண்ணீர் சத்தம் நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, இங்கொகட்டி. ஆபீசர் பேப்பரை விரித்து வைத்திருந்தார். பக்கத்தைத் திருப்பவில்லை. பஸ் போய்விட்டது. அடுத்ததும் போய்விட்டது. பெரியப்பாவும் நைனாவும் அவசரப்படவில்லை.

எனக்குத்தான் விளங்கவில்லை. அந்தம்மா ஒரு தடவைகூட வந்து அட்டையைப் பார்க்கவில்லை. துப்பாக்கி நல்லது என்று எங்களுக்குக் காட்டுகிறார் என்று நினைத்தேன். காசு கொடுத்தாயிற்றே, இன்னும் எதற்குக் காட்டுகிறார் என்றும் நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்து, சுடச் சுட எண்ணினேன்.

நூற்றுப் பதினேழு.