இரண்டு வரிசை அயினி

தொண்ணூறுகளில் பெருங்கடவிளைப் பக்கம் ரப்பர் தோட்டங்களில் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தேன். அமரவிளையிலிருந்து உள்ளே போனால் ஒரு பழைய பங்களா உண்டு, அதுவும் என் பொறுப்பில்தான். கேட்டிலிருந்து முற்றம்வரை இருபுறமும் பெரிய அயினி மரங்கள், காட்டுப்பலா, நின்ற வளாகம். அந்த வீட்டு அப்பன் காலத்தில் அத்தனையும் வெட்டி ரப்பர் வைத்தார்கள். ரப்பர் மூத்துப் பால் வற்றியதும், பழையபடி அயினியே நடப்போவதாகச் சொன்னார் அந்த வீட்டு மகள், பள்ளிக்கூட டீச்சர். ரப்பருக்கு நல்ல விலை இருந்த நேரம். கிறுக்கு என்றுதான் நினைத்தேன்.

அவருடைய அண்ணனும் அப்படித்தான் நினைத்தார். "இந்த வருசத்து மழை முடியட்டு. கன்னு பிடிக்கல்லேன்னா ரப்பர்தான்" என்று சொல்லிவிட்டுத் திருவனந்தபுரம் போனார்.

ரப்பரை வெட்டி, விதையில் முளைத்த அயினிக் கன்றுகளை நட்டோம். சுற்றிலும் களை ஏறியது. டீச்சர் தொடவிடவில்லை. "கெடக்கட்டு மாமா, பிஞ்சுக் கன்னுக்கு நெழலு வேணும்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ரப்பர்க்காரன் கண்ணுக்குத் தரை பெருக்கிவிட்டதுபோல் இருக்க வேண்டும். அவர் பள்ளிக்குப் போன ஒருநாள் ஆள்விட்டு வெட்டினேன். கன்றை விட்டு வெட்டச் சொன்னேன்தான். அந்தப் புதருக்குள் கன்று எங்கே தெரிந்தது? சாயங்காலம் தரை சுத்தமாக இருந்தது. ஒரு கன்றும் இல்லை.

டீச்சர் வந்து பார்த்தார். பழக்காலம் போய்விட்டது, விதை இனி அடுத்த வருடம்தான். அவரோ சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார்.

"வேலிக்கு வேலி காக்கா போட்ட அயினி முளைச்சு நிக்கும். எல்லாரும் பிடுங்கி எறியதுதானே. நாளைக்கு ஒரு கூடை எடுத்துட்டு வாருங்க மாமா."

லீவு போட்டு நடந்தார். கோயில் மதில், சபைக் கல்லறைத் தோட்டம், அடுத்தவர் கிணற்றங்கரை, பாறசாலைவரை போனோம். "மொதல்ல நட்டது என்னாச்சு டீச்சரே?" என்று எல்லா வீட்டிலும் கேட்டார்கள். "பிடிக்கல்ல" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின்னால் கூடை சுமந்த எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்படி ஒரு மனுஷியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஐப்பசி மழை முடிந்து அண்ணன் வந்தார். இருபுறமும் கன்றுகள் நின்றன, ஒன்று முழங்காலளவு, ஒன்று இடுப்பளவு.

"மொதல்ல நட்டத வெட்டியாச்சுன்னு கேள்விப்பட்டேன். ஆராக்கும் வெட்டுனது?"

"நான்தான் வெட்டச் சொன்னேன்" என்றார் டீச்சர்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பொய்யாக்கும். டீச்சர் வேண்டாம்னு சொல்லியும் நான்தான் வெட்டுனேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். கன்றுகளினூடே கேட்டுவரை நடந்து திரும்பி வந்தார்.

"அப்ப, கோடை முச்சூடும் இந்தக் கன்னுக்கு நீங்கதான் கிணத்து வெள்ளம் கோரி ஊத்தணும்" என்றார்.