வசனத்துக்கு எழுந்து போனவன்

ஒரே படத்தை மூன்று தடவை பார்த்தேன். மூன்றாவது தடவைதான் முழுசாகப் பார்த்தேன் என்றால் இப்போது யாரும் நம்பமாட்டார்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய வருஷங்களில் பழனியில் படம் பார்த்தவர்கள் நம்புவார்கள்.

அப்போது ஊருக்கு வெளியே கூடாரம் அடித்துப் படம் காட்டினார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் இடுப்பளவு மண்சுவர். தரை டிக்கெட்டுக்கு மணல்தான் ஆசனம். ஒரு படத்தில் முப்பது நாற்பது பாட்டு இருக்கும். ஆண்கள் பக்கத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாட்டு வந்தால் இருமல்கூட இருமமாட்டோம். பாட்டு முடிந்து வசனம் ஆரம்பித்ததோ இல்லையோ, வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவோம். பீடி, சோடா, ஊர் வம்பு எல்லாம் வசன நேரத்தில்தான். ஆர்மோனியச் சத்தம் வெளியே கேட்டதும் உள்ளே ஓடுவோம். வசனத்தை உட்கார்ந்து கேட்கிறவனைப் பார்த்தால் எங்களுக்குப் பாவமாக இருக்கும். பேச்சுக் கேட்க ஒருவன் காசு கொடுத்து வருவானா?

எனக்கு வீட்டோடு சேர்ந்த பூண்டு மண்டி. பூண்டி மலையிலிருந்து மூட்டை வந்து இறங்கும். வாங்கி வெளியூருக்கு அனுப்புவேன். அந்தப் படம் வந்தபோது கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மனைவி பெரும்பாறைக்காரி, காப்பிச் செடிக்கும் ஆரஞ்சு மரத்துக்கும் நடுவில் வளர்ந்தவள். நாங்கள் சேர்ந்து போன முதல் படம் அது. சேர்ந்து என்றால் கூடார வாசல் வரைக்கும்.

படத்தில் ஒரு பெண் புருஷன் வீட்டை விட்டுக் கிளம்பிப் போய்விடுகிறாள். புருஷனோ ஆள் லட்சணம், தங்கமான குரல். அவளைக் கண்டாலே பாடுவான். அப்படிப்பட்டவனை விட்டுப் போகிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போது மனைவி கேட்டாள்.

“அந்தப் புள்ள செஞ்சது சரிதானுங்களே?”

“என்னத்த சரி? அம்புட்டு அருமையாப் பாடுறவன விட்டுட்டுப் போறா. கொழுப்புத்தான?”

வீட்டுக்குள் நுழைந்ததும், “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க,” என்றாள்.

“வெள்ளனே மூடை எறங்குது. சோலி கெடக்கு புள்ள. பொறவு பாப்போம்,” என்று சொல்லிவிட்டேன்.

மறுவாரம் ஆரஞ்சு பறிப்பென்று அம்மா வீட்டுக்குப் போனாள். பத்து நாளில் வருவதாகச் சொன்னவள் ஒன்றரை மாதமாகியும் வரவில்லை. ஆள் அனுப்பினேன். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று மாமியார் பதில் சொல்லி அனுப்பினார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அடித்தேனா, திட்டினேனா, என்ன குறை வைத்தேன்? ஒன்றும் பிடிபடவில்லை. அவள் வராமலே இருந்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. மண்டியில் வாய்கிழியப் பேசிக்கொண்டிருந்தேனே தவிர, உள்ளுக்குள் அழுதுகொண்டுதான் இருந்தேன்.

அந்தச் சமயத்தில் மண்டியில் அடுக்கியிருந்த மூட்டை சரிந்து என் வலது காலில் விழுந்தது. எலும்பு தப்பியது; கால் மட்டும் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. பங்குனி உத்திரக் கூட்டத்துக்காக அதே படத்தை மறுபடியும் போட்டிருந்தார்கள். வீட்டில் முடங்கிக் கிடந்த என்னைச் சிநேகிதர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், மண்சுவர் ஓரமாகக் காலை நீட்டி உட்காரவைத்தார்கள். முதல் பாட்டு முடிந்தது. எல்லோரும் எழுந்து பீடிக்குப் போனார்கள். என்னால் எழ முடியவில்லை. வேறு வழியில்லாமல் வசனத்தைக் கேட்டேன்.

அந்தப் பெண்ணின் தகப்பனார் சாகக் கிடக்கிறார். அவரைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று சொல்லத்தான் புருஷனிடம் வருகிறாள். “ஒரு விஷயம்” என்று ஆரம்பிக்கிறாள். அவன் நிலாவைப் பற்றிப் பாடுகிறான். மறுநாள் வருகிறாள், அவள் கண்ணைப் பற்றிப் பாடுகிறான். மூன்றாம் தடவை அவள் வாயைத் திறக்கும் முன்பே ஆர்மோனியம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை, கிளம்பிவிட்டாள். நான் தலையாட்டிக் கேட்ட பாட்டெல்லாம் அவள் வாயை அடைத்த பாட்டு. சிநேகிதர்கள் உள்ளே ஓடிவந்து சபாஷ் போட்டார்கள். பாதிப் படத்திலேயே என்னை வீட்டில் கொண்டுபோய் விடச் சொல்லிவிட்டேன்.

எனக்குப் பாட வராது. ‘சோலி கெடக்கு’ என்பதுதான் என் பாட்டு. அந்த ஒரு வருஷத்தில் அதை எத்தனை தடவை பாடியிருப்பேன் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

வீக்கம் வடியக்கூடக் காத்திருக்கவில்லை. பஸ் போகிற மட்டும் பஸ்ஸில் போய், ஏற்றத்துக்குக் காப்பி மூட்டை சுமக்கிற குதிரை ஒன்றின் மேல் நானும் ஒரு மூட்டையாக உட்கார்ந்து போனேன். மாமியார், “வாங்க மாப்ளே, காலுக்கு என்ன?” என்று பதறினார். மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

“அன்னைக்கு ஏதோ சொல்லணும்னியே. சொல்லு புள்ள.”

“சோலி இல்லையாக்கும்?”

“இல்ல.”

“இருக்கிறது ஒரே சன்னலு. அதையும் பூண்டு மூடைய அடுக்கி மறைச்சுட்டீங்க. மூச்சு முட்டுதுங்க எனக்கு. வந்த நாளா சொல்ல வாரேன்.”

இம்புட்டுத்தானா என்று வாய் வரை வந்தது. நல்லவேளை, அடக்கிக்கொண்டேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

அவளைக் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பிய அன்றே மூட்டைகளை இடம் மாற்றினேன். படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை போவோம் என்றாள் அவள். அப்போதுதான் பெண்கள் பக்கத்துச் சங்கதி தெரிந்தது. அங்கே வசனத்துக்கு அசையமாட்டார்களாம். பாட்டு வந்தால்தான் பிள்ளைக்குப் பால் கொடுப்பது, முறுக்குப் பொட்டலத்தைப் பிரிப்பது, பக்கத்தில் இருப்பவளோடு பேசுவது. அவள் ஒரு பாட்டைக்கூடக் காது கொடுத்துக் கேட்டதில்லை. இந்தத் தடவை இரண்டு பேரும் முழுசாகப் பார்ப்பது என்று பேசிக்கொண்டு, சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்தோம்.

திரும்பும்போது அவளே ஆரம்பித்தாள். “அந்த ஆளு மேல எனக்கு அம்புட்டுக் கோவமா இருந்துச்சுங்க. பாட்டக் கேட்டாத்தான தெரியுது. போயிருவாளோன்னு பயந்துக்கிட்டுல்ல பாடுறான். பாவம், பேசத் தெரியல.”

படத்தைப் பற்றித்தான் சொன்னாள். ஆனாலும் நான் நடையைத் தளர்த்தி அவள் பக்கத்தில் நடந்தேன்.

மறுநாள் காலை சன்னலைத் திறந்துவைத்துவிட்டு, “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க,” என்றாள். அந்த நேரம் பார்த்து வாசலில் வண்டி வந்து நின்றது. “மொதலாளி, மூடை வந்திருக்கு, வெரசா வாங்க!” என்று வண்டிக்காரர் கூப்பிட்டார்.

“செத்த இருப்பா, உள்ள சோலி கெடக்கு,” என்று குரல் கொடுத்துவிட்டு, அவள் எதிரில் உட்கார்ந்தேன்.