பைனாகுலருக்கு மூன்று கால்

குவைத்திலிருந்து வந்த என் மைத்துனர் மற்றவர்களுக்கெல்லாம் சோப்பும் சென்ட்டும் கொடுத்துவிட்டு, எனக்கு மட்டும் ஒரு பைனாகுலரைக் கொடுத்தார். விருத்தாசலத்தில் பைனாகுலர் வைத்துப் பார்க்க என்ன இருக்கிறது என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஓசியில் வந்ததைக் குறை சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது, கொடுத்தவர் விமானம் ஏறும்வரை.

பார்க்க ஒன்று கிடைத்தது. எங்கள் மாடிக்கு எதிரே, மூடிக்கிடக்கும் பழைய பீங்கான் யூனிட்டின் புகைபோக்கி உச்சியில் பருந்து கூடு கட்டியிருந்தது. குஞ்சு பொரித்திருக்கிறதா பார்க்கலாமென்று பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன். புகைபோக்கி ஆடியது. கூடு ஆடியது. வானமே ஆடியது. "மட்டமான சரக்கு, உன் தம்பி ஏமாந்துட்டாரு" என்று மனைவியிடம் அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

ஆடியது என் கை. அது எனக்குத் தெரியும். நான் பீங்கான் பொம்மை செய்கிறவன். நான் வேலை பார்க்கும் யூனிட் சிறியது. களிமண்ணில் முதல் மாதிரி செய்வதும் நான்தான், கடைசிச் சூட்டுக்கு முன் பொம்மைக்குக் கண் எழுதுவதும் நான்தான். சில மாதங்களாக வலது கை நடுங்கியது. ஒரு கிருஷ்ணர் ஒரு கண்ணால் வேப்பூரையும் இன்னொரு கண்ணால் நல்லூரையும் பார்த்தபடி சூளையிலிருந்து வெளியே வந்தார். முதலாளி கேட்டதற்கு பிரஷ் சரியில்லை என்றேன். புது பிரஷ் வந்தது. பெயிண்ட் சரியில்லை என்றேன். அதுவும் வந்தது. இனி பழி போட ஃபேன் காற்றுதான் பாக்கி. கண் எழுத முடியாதவனுக்கு அங்கே மண் சுமக்கும் வேலைதான் இருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் கண் எழுதிவிட்டு மண் சுமக்க எனக்கு மனசில்லை. அதனால் வெளியிலும் வீட்டிலும் மூச்சு விடவில்லை.

ஆக, கைக்கு வைத்தியம் பார்க்க வேண்டியவன் பைனாகுலருக்கு வைத்தியம் பார்க்கக் கிளம்பினேன். அவ்வளவு புத்திசாலி.

மூன்று சவுக்குக் கழிகளை ஒரு மரக்கட்டையில் போல்ட் போட்டு முக்காலியாக அகட்டி நிறுத்தினேன். கட்டையின் மேல் கதவுக் கீலில் ஒரு பலகை. அடியில் ஆப்பு வைத்தால் வேண்டிய அளவு சாயும். பைனாகுலரின் இரண்டு குழாய்களும் உட்கார, பலகையில் இரண்டு பள்ளம் வேண்டும். குழாயை அளந்து, தாளில் எழுதி, தெருமுனைத் தச்சரிடம் கொடுத்தேன். மறுநாளே வெட்டிக் கொடுத்துவிட்டார். வீட்டில் வைத்துப் பார்த்தால், அப்பா சட்டையைப் போட்ட பிள்ளை மாதிரி பைனாகுலர் பள்ளத்தில் தொளதொளவென்று கிடந்தது.

பலகையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போனேன். "டேப்பு புடிக்கத் தெரியாதவங்கல்லாம் உளிய புடிச்சா இப்படித்தான்" என்றேன். அவர் என் தாளை எடுத்து, பள்ளத்தையும் அளந்து காட்டினார். நூல் பிசகாமல் இருந்தது. பிசகியது தாள்தான். களிமண் காய்ந்தால் சுருங்கும், சூளையில் வெந்தால் இன்னும் சுருங்கும். அதற்காக எந்த அளவை எழுதினாலும் எட்டில் ஒரு பங்கைக் கூட்டி எழுதுவது எங்கள் தொழிலில் வழக்கம். மரப்பலகைக்கும் கூட்டி எழுதியிருக்கிறேன்.

"என்னாங்க, பலகைய சூளையில போட்டு சுடப் போறீங்களா?" என்றார் தச்சர். அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேரும் புரையேறச் சிரித்தார்கள். எனக்கு மானம் போனது. ஆனால் திரும்பி வரும் வழியில் ஒரு சந்தோஷமும் இருந்தது. நடுங்கினாலும் இந்தக் கை தொழிலை மறக்கவில்லை.

பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் குழாய்களில் சுற்றினேன். பைனாகுலர் பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆடாமல் நிற்க, முக்காலியின் நடுவில் கல் கட்டிய பையைத் தொங்கவிட்டேன். சாயங்காலம் மாடியில் வைத்துப் பார்த்தால், அசைவே இல்லை. கூட்டில் இரண்டு குஞ்சுகள். ஒன்று வாயைப் பிளந்து, எங்கள் முதலாளி மாதிரியே எதையோ கேட்டுக்கொண்டிருந்தது.

டீயோடு வந்த மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். டம்ளரைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"நல்லா தெரியுதுங்க."

"பின்னே? ஸ்டாண்டு யாரு செஞ்சது?"

"ஸ்டாண்டு இல்லாமயே போன வாரம் கையில வெச்சு பாத்தேங்க. அப்பவும் ஆடல."

நான் கழியின் போல்ட்டைத் தடவிக்கொண்டு நின்றேன். அவள் பைனாகுலரிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள்.

"தீபாவளியிலேருந்து உங்களுக்கு முக்கா டம்ளர் டீதான் ஊத்துறேன், சட்டையில சிந்துதேன்னு. ஏன் கொறையுதுன்னு கேப்பீங்க, அப்ப பேசலாம்னு இருந்தேன். நீங்க கேக்கவே இல்ல."

உலகத்தில் எல்லாவற்றிலும் குறை கண்டவன் நான். தினமும் இரண்டு வேளை கையில் வாங்கிய டீ குறைந்திருந்தது எனக்குத் தெரியவில்லை.

"நாளைக்கு லீவு போடுங்க. டாக்டர பாத்துட்டு வந்துரலாம்" என்றாள்.

"சரி" என்றேன். சுவரிலிருந்த டம்ளரை இரண்டு கையாலும் எடுத்தேன்.

அவள் கீழே போன பிறகு நான் குனிந்து பார்த்தேன். கூடு கலங்கலாகத் தெரிந்தது. இந்த முறை பைனாகுலரும் ஆடவில்லை, என் கையும் அதில் படவில்லை. அவள் கண் வைத்திருந்த கண்ணாடி இரண்டும் நனைந்திருந்தன.